காஜா அக்கா வெட்டிய கோட்டு

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகை ‘வர்க்கமும் பெண்ணும்’ என்று தலைப்பும் கொடுத்துக் கேட்டிருந்தது. “வர்க்க ஏற்றத்தாழ்வும் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வும் ஒன்றையொன்று...” என்று ஆரம்பித்தேன். ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. எழுந்து, பட்டன் அறுந்த கோட்டை எடுத்துக்கொண்டு தையல்கூடத்துக்குப் போனேன்.

பட்டன் தைத்துக் கொடுத்தவரை அங்கே காஜா அக்கா என்பார்கள். பட்டன் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவதுதான் காஜா. புதிதாகச் சேர்கிறவர்களிடம் தள்ளிவிடுகிற வேலை. அக்காவுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

“நீங்க எழுதுறவங்களாமே மேடம்? என்னைப் பத்தி எழுதிடாதீங்க, பாவம் பார்த்துடுவீங்க. நான் வெட்டின கோட்டைப் பத்தி எழுதுங்க.”

(அவர் என்னை மேடம் என்கிறார். நான் அவரை அக்கா என்கிறேன். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. இடம் மாற்றிக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.)

2

முதல் தொடக்கம்: “அவள் ஓர் ஏழைத் தையல்காரி.” அடித்துவிட்டேன். பாவம் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது: “கத்தரியின் பளபளப்பில் அவள் தன் முகத்தை...” கத்தரியில் யார் முகம் பார்க்கிறார்கள்?

மூன்றாவது: அவருக்குத் துணி வெட்ட ஆசை.

இது நிற்கும். அந்தக் கூடத்தில் பெண்கள் தைப்பார்கள், காஜா எடுப்பார்கள், இஸ்திரி போடுவார்கள். வெட்டுவது மாஸ்டர் மட்டும். அவர் ஆண் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

“நல்லாத் தைக்கிறீங்களே அக்கா, வெட்டுறதுல அப்படி என்ன?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“தெரியலையே மேடம். முழுத்துணியை விரிச்சு வெச்சிருப்பாங்கல்ல, அதைப் பார்த்தா என்னமோ பண்ணும். சின்ன வயசுல ஒருத்தரைப் பார்த்தா பண்ணுமே, அந்த மாதிரி.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

3

மாஸ்டர் கண் ஆபரேஷனுக்குப் போனார். வேலை மலையாய்க் குவிந்தது. கடையை நடத்தும் மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அக்கா எழுந்து, “நான் வெட்டுறேன்” என்றார். சிரித்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றார். மேடத்துக்கு வேறு வழியில்லை.

வெட்டினார். கோட்டுகள் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தன. “மாஸ்டர் கைன்னா மாஸ்டர் கைதான்!” என்று வாடிக்கையாளர்கள் சொல்லிப் போனார்கள். மேடம் திருத்தவில்லை. அக்கா கீழே குனிந்து துண்டுத்துணிகளைப் பொறுக்கினார்.*

* இந்த இடத்தில் அவர் கண்ணில் நீர் என்று எழுதியிருந்தேன். கேட்டபோது, “அழலை மேடம், சந்தோஷமா இருந்துச்சு. அதான் கோவம்” என்றார்.

4

அவருடைய கணவரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவித்தேன். முதல் வரைவில் குடித்துவிட்டு வந்தார். குடிகாரனாக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். நிஜத்தில் அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், குடிப்பதில்லை. அக்கா தாமதமாக வந்த அன்று இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“நாள் முழுக்க எவனெவனோ ‘டேய்’ங்குறான். வீட்டுக்கு வந்தா நீ ஒருத்தியாவது இருப்பேன்னு பார்த்தேன்.”

“நானும் வேலைக்குத்தானே போனேன்.”

“போனே. இல்லேங்கலை.”

அவர் எழுந்து விளக்கைப் போட்டார். அக்கா அடுப்பைப் பற்றவைத்தார்.

5

மாஸ்டர் திரும்பி வந்தார். மூலையில் சின்னதாக இன்னொரு மேஜை போட்டுக் கொடுங்கள் என்று அக்கா கேட்டார்.

மேடம் அவரை உட்காரச் சொன்னார். “நானும் பொம்பளைதாம்மா, எனக்குப் புரியாதா? இந்த இடத்தை வாடகைக்குக் கேட்டு வந்தப்பவே, ‘சார் வரலையா?’ன்னுதான் கேட்டாங்க.”

“புரியுதுல்ல மேடம்? அப்ப குடுங்க.”

“பொம்பளை வெட்டுறான்னு தெரிஞ்சா கோட்டு தைக்க யாரு வருவா? கடையை மூடிட்டு நான் எங்க போறது?”

அக்கா மாஸ்டரிடம் போனார். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. “நீ வெட்டினதைப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. ஆனா இந்த மேஜையை விட்டு வெளிய போனா நான் யாரும்மா? தெருவுல பத்தோட பதினொண்ணு. இங்கதான் மாஸ்டர்.”

(‘அமைப்பு’ என்ற சொல்லோடு இங்கே வந்தேன். பெரிய சொல். மேடம், மாஸ்டர், மூட்டை தூக்கும் அந்தக் கணவர், எல்லோருமே எங்கோ தலை குனிந்துவிட்டு வந்தவர்கள்தான். குனிந்த தலையை நிமிர்த்த ஆளுக்கு ஒரு சாண் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அக்கா நிற்கக்கூடாது. கட்டுரைக்கு இது போதும். கதைக்குப் போதாது, ஏனென்றால் அக்கா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.)

6

முடிவுகள்.

அ) அக்கா சொந்தமாகக் கடை வைக்கிறார். எழுதிப் பார்த்தேன். நீங்கள் கைதட்டுவீர்கள், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அவர் வீட்டில் கையை நீட்டினால் சுவர் இடிக்கும். மேஜையை எங்கே போடுவது?

ஆ) அக்கா மறுபடியும் காஜா எடுக்கப் போகிறார். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

இ) நான் கண்ணால் பார்த்தது வரைக்கும்:

மதிய நேரம். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் பையிலிருந்து கருநீலத் துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

“யாருக்கும்மா?” என்றார் மாஸ்டர், வாயில் சோற்றோடு.

“எனக்கு. எனக்கொரு கோட்டு வெட்டிக்கப் போறேன்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார், எழவில்லை. அக்கா சாக்பீஸால் கோடு போட்டார். தன் தோளைத் தானே அளந்தார். கத்தரியைத் துணிக்குள் விட்டார்.

அப்போது மேடம் புதிய வாடிக்கையாளரான ஓர் அம்மாளோடு படியேறி வந்தார். அந்த அம்மாள் மேஜையருகே வந்து நின்று, வெட்டு போகும் நேர்த்தியைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“இவங்கதான் உங்க மாஸ்டரா?”

மேடம் வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், ‘அந்த மேடம் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் புரட்டிவிடுவீர்கள். நீங்களும் எங்கோ ஒரு கூடத்தை நடத்துகிறவர்தான், குறைந்தது ஒரு வீட்டையாவது. கேள்வி இப்போது உங்களிடம் இருக்கிறது.

அக்கா நிமிரவில்லை. கத்தரி மட்டும் துணியின் நடுவில் நின்றிருக்கிறது, காது கொடுத்துக் கேட்பதுபோல.