நான்கு நிமிடம் பத்து விநாடி

செனிமிலியின் வரைபடத்தில் நூற்றைம்பது புள்ளிகள் இருந்தன. நூற்றைம்பதும் நடுக்கோட்டை விட்டு நகராமல், பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக இருந்தன. அவளுக்கு அதில் பெருமைதான். புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்து, டாக்டர் தியோ அவளை மட்டும் இருக்கச் சொல்லும் வரைக்கும்.

“இதை எங்க எடுத்தீங்க?”

“எங்க மீன் ஆலையிலதான் சார். வேக வைச்ச சூரை மீனைத் தோல் உரிச்சு, முள் எடுத்து, தட்டுல வைக்கிற மேஜை. ஒரு மீனுக்கு எவ்வளவு நேரம்னு அளந்தேன்.”

“இருபது பேர். மூணு நாள். சின்ன மீன், பெரிய மீன், புது ஆள், பழைய ஆள். எல்லாருக்கும் நாலு நிமிஷம் பத்து விநாடியா? அஞ்சு விநாடி கூடவோ குறையவோ ஆகாதா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மனுஷங்க இப்படி வேலை செய்ய மாட்டாங்க. வீட்டுல உக்காந்து எழுதுறவங்கதான் இப்படி எழுதுவாங்க.”

செனிமிலிக்குக் காது சுட்டது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அவளைப் பார்த்துப் பொய்க் கணக்கு எழுதினாள் என்கிறார்.

“அடுத்த புதன்கிழமைக்குள்ள எனக்கு விளக்கம் வேணும். இல்லேன்னா இதை நான் பல்கலைக்கழக ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பியாகணும்.”

குழுவுக்குப் போனால் முதுகலைப் படிப்பிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பகலில் ஆலையின் தரப் பிரிவில் வேலை, மாலையில் தொழிற்பொறியியலும் மேலாண்மையும் என்று நான்கு வருடம் ஓடியாயிற்று. இதுதான் கடைசிப் பாடம். பிஜித் தலைநகர் சுவாவின் மழையில் பேருந்துக்கு நிற்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் நான்தான் ஏதாவது எழுதிவிட்டேனோ?

மறுநாள் காலை நேராக மீன் மேஜைக்குப் போனாள். மேஜைத் தலைவி அலுமிதா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலுமிதாவின் ஊரும் செனிமிலியின் அப்பா ஊரும் ஒன்றுக்கொன்று தௌவு முறை. தௌவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபம் வரக்கூடாது. ஒருவர் வாய் திறந்து கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்லவும் கூடாது.

“என்ன தௌ, மூஞ்சி அழுகின மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கு?” என்றாள் அலுமிதா. “உங்க ஊர் மூஞ்சியே அதுதானோ?”

செனிமிலி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மேஜையின் அந்தக் கடைசியில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவள் குனிந்தாள். பிறகு இருபது பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள்.

“ஏய் தௌ, நீ கடிகாரத்தை எடுத்துக்கிட்டு ஒருத்தி முன்னால வந்து நிப்பியே, அப்பல்லாம் நான் என்ன செஞ்சேன்?”

“பாடினீங்க.”

“எந்தப் பாட்டு?”

செனிமிலி யோசித்தாள். “ஒரே பாட்டு.”

“நாலாவது சரணம் முடியுதா, மீனைத் தட்டுல வை. அவ்வளவுதான். மூணு நாளா ஒரே தோத்திரம், நூத்தம்பது தடவை! கர்த்தருக்கே சலிச்சிருக்கும். உனக்குச் சந்தேகம் வரல?”

“ஈஸ்டர் வாரம். பக்தின்னு நெனச்சேன்.”

“நீயும் கூடப் பாடினியேடி!” என்று யாரோ கத்தினார்கள். மறுபடி சிரிப்பு.

உண்மைதான். அவளும் கீழ்க்குரலில் சேர்ந்து பாடிக்கொண்டேதான் விநாடிகளை எழுதினாள்.

சிரிப்பு அடங்கியதும் அலுமிதா குரலைத் தாழ்த்தினாள். “கிண்டலுக்காக மட்டும் இல்ல. உனைசிக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு. ஒரு மீனை நாலு நிமிஷத்துக்குக் குறைஞ்சு அவளால முடிக்க முடியாது. நீ பேரு போட்டு எழுதுற. எல்லாரும் ஒண்ணா இருந்தா அவ தனியாத் தெரிய மாட்டா.”

மேஜை ஓரத்தில் நின்ற உனைசி கையை ஏப்ரனுக்குள் இழுத்துக்கொண்டாள்.

செனிமிலிக்குக் கோபப்பட முறையில்லை. கோபமும் வரவில்லை. பெயர் போட்ட ஒரு தாள் இருபது பேரை எப்படிப் பயமுறுத்தும் என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. அவளும் யோசித்ததில்லை.

“சரி. இப்ப நான் கேக்குறேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது.”

“என் பூட்ஸ் வேணுமா?”

“எனக்கு உங்க நிஜ வேலை வேணும். மூணு நாள். பாடுங்க, ஆனா பாட்டுக்காகக் கையை நிறுத்தாதீங்க. கடிகாரம் கொண்டுவர மாட்டேன். பேரும் எழுத மாட்டேன்.”

“பூட்ஸையே கேட்டிருக்கலாம்,” என்று முனகினாள் அலுமிதா. ஆனால் கேட்டாயிற்று, இனி மறுக்க வழியில்லை.

வேலை மாதிரிக் கணிப்பு என்ற முறையைப் போன பருவத்தில் படித்திருந்தாள். அன்றிரவே நாளுக்கு இருபது நேரங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். அந்தந்த நேரத்தில் மேஜையைக் கடந்து நடப்பாள். எத்தனை கைகள் மீனில் இருக்கின்றன, எத்தனை சும்மா இருக்கின்றன, அதை மட்டும் கோடு போடுவாள். முதல் நாள் முடிவில் கூட்டிப் பார்த்து, நம்பாமல் இன்னும் இரண்டு முறை கூட்டினாள். மூன்றாம் நாளும் அதே கதைதான். பத்துப் பேரில் மூன்று பேர் எப்போதும் சும்மா நின்றார்கள், சோம்பலால் அல்ல, மீன் வராததால். வேக வைத்த மீனை ஒரே வண்டி இந்த மேஜைக்கும் பக்கத்து மேஜைக்கும் கொண்டுவந்தது. அது அந்த மேஜையில் நிற்கும்போது இந்த மேஜை காத்திருந்தது.

புதன்கிழமை அவள் பழையதும் புதியதுமாக இரண்டு தாள்களையும் டாக்டர் தியோவின் மேசையில் வைத்தாள். தோத்திரத்தையும் மறைக்கவில்லை. உனைசியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவர் நம்புவதா வேண்டாமா என்று பார்த்தார். “நல்ல கதை. ஆனா கதையை நான் எப்படிச் சரிபார்க்கிறது?” தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பாடுங்க.”

“இங்கேயா சார்?”

“நாலு சரணம்.”

வகுப்பு முழுக்க ஆட்கள். செனிமிலி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது சரணத்தில் பின்வரிசையில் இருந்த சர்க்கரை ஆலை மேற்பார்வையாளர் அடிக்குரலில் சேர்ந்தார். மூன்றாவதில் பாதி வகுப்பு சேர்ந்துவிட்டது. தேவாலயத்தில் பாடி வளர்ந்த அவர்களால் ஒரு தோத்திரத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கடைசி வரி முடிந்ததும் தியோ கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு நிமிஷம் பன்னிரண்டு. எனக்கு உங்க மொழிப் பாட்டு புரியல. கடிகாரம் புரியுது.” முதல் தாளைத் தட்டினார். “அப்ப இதைக் கிழிச்சுடலாமா?”

“வேணாம் சார்.” அதைச் சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “கை நெனச்சா இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யும்னு அது காட்டுது. அப்ப ஒழுங்கில்லாதது கை இல்ல. வண்டி.”

அவர் நெடுநேரம் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதி, அதன் கீழே, ‘இரண்டாவது வண்டி பற்றி ஆலையிடம் பேசியாயிற்றா?’ என்று கேள்விக்குறி போட்டார்.

பேசவில்லை. திங்கட்கிழமை பேச வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் மேஜையில் சொன்னபோது அலுமிதா கத்தியைக் கீழே வைத்தாள்.

“பட்டம் வாங்குறப்போ கறுப்பு அங்கி போடுவாங்கல்ல, தௌ? அது எனக்கு வேணும்.”

“அது வாடகை அங்கி!”

“மாட்டேன்னு சொல்லக்கூடாது. போட்டுக்கிட்டு ஒரு நாள் மீன் உரிக்கிறேன். அப்புறம் கழுவித் தர்றேன்.”

“வாசனை போகாதே.”

“போகாது,” என்று உனைசி முதல்முறையாக வாய் திறந்தாள். “அதுக்குத்தான் கேக்குறா.”