பன்னிரண்டு மாமியார்கள்

தெக்பேர் கேள்வி கேட்க எழுந்தாள். தண்ணீர்த் துறை அமைச்சரும் எழுந்தார். அவள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்புவதற்குள் அவர் தலைப்பாகைத் துணியை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். செனட்டில் இருந்த முக்கால்வாசிப் பேர் மெச்சுவதுபோல் தலையாட்டினார்கள். "வளர்ப்பு அப்படி," என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

பின்னே என்ன, மாமியார் பேசும்போது மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருப்பாரா? எங்கள் பாலைவனப் பக்கத்தில் அது நடக்காது. பெண் கொடுத்தவர்களின் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போக வேண்டும். பட்டுவிட்டால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் முன்னால் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அமைச்சர் யெஸ்லெம், தெக்பேரின் ஒரே மகள் நாஹாவைக் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் மாமியாரும் மருமகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை ஜனவரியில் வந்தது. எதிர்க்கட்சி வரிசையில் தொண்டை கிழியக் கத்துகிறவள் தெக்பேர். பள்ளிக்கூடம், மாட்டுத் தீவனம், விலைவாசி என்று எதையும் விடமாட்டாள். அதிலும் தண்ணீர் என்றால் ஆளை விடவே மாட்டாள். அவள் மருமகனோ அரசியல் வாடையே படாத ஒரு பொறியாளர். அவரைப் பிடித்துக் கொண்டுபோய் அதே தண்ணீர்த் துறைக்கு அமைச்சராக உட்காரவைத்தார்கள். அதிபர் மாளிகையில் யாருக்கோ மூளை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. அவளால் கேட்க முடியாது, அவரால் பதில் சொல்ல முடியாது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நல்ல பழக்கவழக்கம்.

"அமைச்சர் அவையில் இல்லாததால் கேள்வி ஒத்திவைக்கப்படுகிறது," என்றார் செனட் தலைவர். இது இரண்டாவது முறை.

இனி ஒரே ஒரு அமர்வுதான் பாக்கி. அதிலும் பதில் வராவிட்டால் கேள்வி செத்துப்போகும். அடுத்த கூட்டத்தொடர் நவம்பரில். அமைச்சர் அவையில் வாய் திறந்து சொன்னால் பதிவேட்டில் ஏறும், பதிவேட்டில் ஏறினால்தான் மாவட்ட அதிகாரி நாற்காலியிலிருந்து அசைவார். அவள் தொகுதியான தின்வாஷில் நீரிறைக்கும் இயந்திரம் அக்டோபரிலிருந்து செத்துக் கிடக்கிறது. வெயில் மாதங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கின்றன.

நடைபாதையில் அவளுடைய கட்சிக்காரர் தஹ்மான் பிடித்துக்கொண்டார். அவருக்கு எதிலும் கிண்டல்தான்.

"பேசாம மகளுக்கு விவாகரத்து வாங்கிக் குடுத்துடு தெக்பேர். நாட்டுக்கே நல்லது."

"உன் வாயில மண்ணு விழ. அந்தக் கேள்விய நீ எழுந்து கேளேன்."

"கேள்வி எழுதிக் குடுத்தவங்கதான் கேக்கணும். நான் புதுசா குடுத்தா பதினஞ்சு நாள் ஆகும். கூட்டமே பத்து நாள்ல கலையுது. உனக்குத் தெரியாத விதியா?"

தெரியும். அன்று மதியமே வண்டியைப் பிடித்துத் தின்வாஷுக்குக் கிளம்பினாள்.

நாஹா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதம். பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தாய் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் தின்றாள். தண்ணீரை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். லாரி டயர் டியூபை வெட்டித் தைத்த பைகளில் நிரப்பி, கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர் அது.

"ரப்பர் நாத்தம் குமட்டுது," என்றாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"போன்ல சொன்னேன். பிப்ரவரியிலேயே சரி பண்ணியாச்சுன்னு ஃபைல்ல இருக்காம். உங்க மனைவி கிணத்துப் பக்கமே போகாம, அவங்க அம்மா பேச்சக் கேட்டுச் சொல்றாங்கன்னு அதிகாரிங்க சொல்றாங்களாம்."

"அவர் யார நம்பறார்?"

நாஹா பேரீச்சங்கொட்டையைக் கையில் துப்பினாள். "என்னத்தான். ஆனா ஃபைல் பொய்னு சொன்னா அவர் தலை உருளும். அது அவருக்கும் தெரியும்." பிறகு எழுந்து உட்கார்ந்து தாயின் கையைப் பிடித்தாள். "நீ உன் வேலையச் செய்யும்மா. நான் தடுக்கல. ஆனா நாலு பேர் முன்னாடி அவரப் பொய்யன்னு மட்டும் சொல்லிடாத. அதுக்கப்புறம் அவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்?"

தெக்பேர் சத்தியம் செய்து கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், கேள்வியே கேட்க வழியில்லாதவள் எதற்குச் சத்தியம் செய்கிறோம் என்று தோன்றியது.

மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனாள். தொண்ணூறு மீட்டர் ஆழம். கயிற்றின் ஒரு முனையைக் கழுதையில் கட்டி ஓட்டிக்கொண்டே போக வேண்டும். கழுதை கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் தூரம் போன பிறகுதான் தோல்வாளி மேலே வரும். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பெண் பிள்ளைகள் வாளியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் கயிறு அறுந்து ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. அவன் இப்போது இடது கையால் கழுதை ஓட்டுகிறான்.

செனட்டில் நடந்ததைச் சொன்னாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா உம்முல்கைரி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

"அடியே, எழுந்து வெளிய போனாராக்கும்? வெளிய யார் இருந்தா?"

"யாருமில்ல. காவல்காரன்தான்."

"அதான் தப்பு. அவருக்கு நீ ஒருத்திதான் மாமியாரா? நாஹாவுக்கு நான் பெரியம்மா. இவ சித்தி. அதோ கழுதைய விரட்டிட்டுப் போறாளே, அவ அத்தை. நாங்கல்லாம் பொண்ணு குடுத்தவங்க இல்லையா?"

தெக்பேருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. பதினெட்டு வருஷ அரசியலில் அவள் வீட்டு விஷயத்தை வாசலுக்குக் கொண்டுவந்ததில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை ஒருவரை, அந்த மரியாதையாலேயே மூலைக்குத் தள்ளி மடக்குவதா? ஆனால் இதை முதலில் அவைக்குள் இழுத்துவந்தது யார்? அவளா? இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் உம்முல்கைரியிடம் போய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"யாரும் அவர ஒரு சொல்லு சொல்லக் கூடாது. உக்காந்திருந்தா போதும்."

"உக்காரத்தாண்டி வர்றோம். எங்களுக்கு வேற என்ன தெரியும்?"

கடைசி அமர்வு நாளன்று இரண்டு பிக்கப் வண்டிகள் தலைநகருக்கு வந்து செனட் வாசலில் நின்றன. பதினோரு பெண்கள் இறங்கினார்கள், மேலெல்லாம் செம்மண். காவல்காரன் என்ன வேலையென்று கேட்டான். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தோம் என்றாள் உம்முல்கைரி. அவன் அதற்கு மேல் என்ன கேட்பான்? அவைக்கு மூன்று கதவுகள். மூன்றின் முன்னாலும் பாய் விரித்து உட்கார்ந்து, கரியடுப்பை மூட்டித் தேநீர் போட ஆரம்பித்தார்கள். அவை கூடும் மணி அடித்தபோது காவல்காரன் இரண்டாவது குவளையில் இருந்தான்.

உள்ளே செனட் தலைவர் கேள்வியை வாசித்தார். தெக்பேர் எழுந்தாள். அமைச்சரும் எழுந்தார். துணியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கக் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றாள் உம்முல்கைரி, குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கதவு சாத்திக்கொண்டது. அவர் சுவரோரமாக நடந்து பின்கதவுக்குப் போனார். அங்கே நான்கு பேர். பெரிய கதவைப் பாதிதான் திறந்தார். இதற்குள் அவை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர்களே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தஹ்மான் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தலைவர் சுத்தியலால் தட்டி, அமைச்சர் அமரலாம் என்றார்.

யெஸ்லெம் திரும்பி வந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணைத் தெக்பேர் ஒரு நொடி பார்த்துவிட்டாள். பார்த்திருக்க வேண்டாம். முகத்திரையைத் தானும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவருக்கு முதுகு காட்டி, தலைவரை மட்டும் பார்த்து நின்றாள். கத்தவில்லை. அன்றைக்குத்தான் செனட் அவளுடைய தாழ்ந்த குரலைக் கேட்டது.

"தலைவர் அவர்களே, தின்வாஷ்ல இயந்திரம் நின்னு எட்டு மாசம் ஆச்சு. முந்நூறு குடும்பம் கயிறு பிடிச்சு இறைக்குது. பள்ளிக்கூடத்துல ஏழு பொண்ணுங்கதான் மிச்சம், மத்ததெல்லாம் கிணத்தடியில நிக்குது. நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. இயந்திரம் எப்ப வரும்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். பின்னால் தாள் சரசரத்தது. துணிக்குள்ளிருந்து யெஸ்லெமின் குரல் வந்தது. இரண்டு வருஷத்தில் அவள் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டாள். எதிர்பார்த்ததைவிட இளசான குரல்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, தின்வாஷ் நீரேற்று நிலையம் கடந்த பிப்ரவரி மாதம் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு..."

நின்றுவிட்டது. இருமல் இல்லை, தாள் புரட்டும் சத்தம் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் ஓய்ந்தார்கள். தெக்பேர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்துவிடப்பா, என்று மனதுக்குள் கெஞ்சினாள். படித்துவிட்டுப் போ, உன் குடும்பம் நல்லா இருக்கட்டும். அடுத்த நொடியே, படிக்காதே, என்றும் கெஞ்சினாள். இரண்டும் உண்மைதான்.

"இந்தத் தாள்ல அப்படி இருக்கு," என்றார் யெஸ்லெம். "அது நிஜமில்ல. என் மனைவி அங்கதான் இருக்கா. அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா. எனக்கு இது ரெண்டு மாசமாத் தெரியும். பொண்ணு குடுத்தவங்க எதிர உக்காந்திருக்கும்போது என்னால இத வாசிக்க முடியல. புது இயந்திரம் ரெண்டு வாரத்துல போய்ச் சேரும். பதிவு பண்ணிக்குங்க."

அவையில் கூச்சல் கிளம்பியது. ஆளுங்கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் பக்கக் கதவுக்குப் போனார். வெளியே பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்று வழிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அமைச்சரவை கூடியது. மாலைச் செய்தியில் தண்ணீர்த் துறைக்கு வேறு ஒருவர் பெயரை வாசித்தார்கள். யெஸ்லெம் என்று ஒருவர் இருந்ததாகவே வானொலி காட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டில் ஏறியதை மட்டும் அழிக்க முடியவில்லை. பதிமூன்றாம் நாள் லாரியில் இயந்திரம் வந்து இறங்கியது.

"நீ கேட்டது கிடைச்சிடுச்சு," என்றாள் நாஹா. அவ்வளவுதான் சொன்னாள். நான்கு நாள் தாயோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வலி எடுத்தபோதுதான் "அம்மா" என்று கூப்பிட்டாள். பெண் குழந்தை.

ஏழாம் நாள் பெயர் வைக்கும் சடங்குக்கு ஆடு அறுத்தார்கள். உச்சி வேளையில் சரக்கு லாரி ஒன்று நின்று, பின்பக்கத்திலிருந்து யெஸ்லெம் குதித்தார். ஓட்டுநரும் இல்லை, கொடி கட்டிய காரும் இல்லை. தூசியில் புருவம்கூட வெள்ளையாகியிருந்தது. கூடாரத்தில் மாமியார் இருப்பதைப் பார்த்துவிட்டு, தூரத்திலேயே ஒரு முள்மரத்தடியில் நின்றுவிட்டார். நிழல் என்று சொல்ல முடியாத நிழல். அவள் எழுந்து போனால்தான் அவரால் குழந்தையிடம் வர முடியும்.

தெக்பேருக்கு அவரிடம் சொல்ல ஒரு மூட்டை இருந்தது. பதினெட்டு வருஷம் பேசியே பிழைத்தவள், சொல்லக் கூடிய ஒரு வார்த்தை இல்லாமல் நின்றாள். பிறகு மரக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புதுக் குழாயடிக்குப் போனாள். கழுவி, விளிம்புவரை நிரப்பி, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் நடந்தாள். கூட்டம் முழுக்கப் பார்த்தது. உம்முல்கைரிகூட வாயை மூடிக்கொண்டாள்.

பாதி தூரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் கிண்ணத்தை வைத்தாள். வைத்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பவில்லை. பத்தடி தள்ளிப் போய், அவருக்கு முதுகு காட்டி, கொதிக்கிற மணலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பிறகு காலடிச் சத்தம் வந்தது. அவர் குடித்தார். நடுவில் மூச்சு விட நிறுத்தினார், மறுபடி குடித்தார். தெக்பேர் முகத்திரைக்குள் அழுதுகொண்டே, கிண்ணம் காலியாகி உரலின் மேல் வைக்கப்படும் சத்தம் கேட்கும்வரை திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.