சாம்பல் விழாதவர்கள்

எண்ணூர்க் குப்பத்தில் மங்கையின் மேல் மட்டும் சாம்பல் விழுவதில்லை. அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளிலிருந்து இறங்கும் சாம்பல் சோற்றில் விழும், தொட்டிலில் விழும், கோயிலில் அம்மன் தலையிலும் கூசாமல் விழும். மங்கையின் தலைக்கு மேலே வந்ததும், அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போய்விடும். கணவன் தண்டபாணி காய்ச்சலில் இளைத்து இளைத்துச் செத்த பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். எச்ஐவி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையை விழுங்கிய மறுநாளிலிருந்து இப்படி. நோயைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதலில் ஊர் அதை அம்மன் அருள் என்றுதான் எடுத்துக்கொண்டது. பெண்கள் அவள் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். ஊரிலேயே அவளிடம்தான் ஒரு சிட்டிகை சாம்பல்கூடக் கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு கன்டெய்னர் லாரி ஓட்டும் பொன்ராஜ் மேலும் சாம்பல் விழாமல் போயிற்று. பொன்ராஜ் அருள் வாங்குகிற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருவரையும் ஆஸ்பத்திரியில் எச்ஐவி மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்ததாக யாரோ சொல்ல, ஊர் முடிச்சுப் போட்டது. அன்றோடு அருள் நோயானது. எங்கள் ஊரில் சுத்தமான சட்டையைக் கண்டால் ஒதுங்கி நடக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

மங்கைக்குக் கஷ்டம் கூடையில் வந்தது. மீன் நிரம்பிய அன்னக்கூடையைத் தலையில் ஏற்ற இன்னொருத்தியின் கை வேண்டும். ஏலம் முடிந்த கரையில் அதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதுகூட இல்லை, பக்கத்தில் நிற்பவள் விளிம்பைப் பிடிப்பாள். மங்கைக்குப் பக்கத்தில் நிற்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கூடையைக் கரையோரம் போகும் எண்ணெய்க் குழாய் மேல் வைத்து, குனிந்து தலையை அடியில் நுழைத்துப் பார்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பாதிக் கூடைதான் தூக்க முடிந்தது, பாதிக் கூடைதான் விற்றது. அதைவிட இன்னொன்று அவளை வாட்டியது. கூடை ஏற்றும்போது எதிரே நிற்பவளின் முகம் மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்கு வரும். வருஷக்கணக்காக எந்த முகமும் அவ்வளவு கிட்டே வரவில்லை.

அவள் கதியைப் பார்த்து மிரண்ட பொன்ராஜ் மாத்திரைகளைக் கழிமுகத்தில் கொட்டினான். மறுநாளே அவன் மேல் சாம்பல் விழுந்தது, டீக்கடையில் தோளில் கை போட்டார்கள். கொஞ்ச நாளில் எலும்பும் தோலுமானான். லாரிகள் நிற்கும் சாலையில் ஆணுறை கொடுத்துவந்த திருநங்கை நீலாவுக்கு அவனைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஆணுறை வாங்குகிறவன் பரிசோதனைக்கு வர மாட்டான், வந்தவன் மாத்திரை தின்ன மாட்டான், தின்கிறவன் வீட்டில் சொல்ல மாட்டான். தனித்தனியாக அலைந்து நொந்துபோன நீலா, ஆணுறை, பரிசோதனைக் கருவி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பொன்ராஜ் வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். அவன் வாயாலேயே, மீன் விற்கும் மனைவி ஜோதிகாவிடம் சொல்லவைத்தாள். ஜோதிகா அழுதாள், அவனைக் கண்டபடி திட்டினாள், பிறகு பரிசோதனைக்குத் தன் விரலை நீட்டினாள். அவளுக்கு நோய் இல்லை.

"இவுரு ஒயுங்கா மாத்திர போட்டா கிருமி அடங்கிடும். அது வரிக்கும் ஆணுறையும் வோணும். ஒனக்கு வராம இருக்கறதுக்கு வேற மாத்திர கீது, நீ இத்த போடு" என்றாள் நீலா.

"நோய் இல்லாதவளுக்கு இன்னாத்துக்குக்கா மாத்திர?"

"மய வர்றதுக்கு மின்னாடி கொட வாங்க மாட்டியா நீ?"

ஜோதிகா போட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் மேலும் சாம்பல் விழவில்லை. "எனுக்கு ஒன்னியும் இல்ல" என்று ஏலக் கரையில் கத்திப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை, அவள் கூடைக்குப் பக்கத்திலும் ஆளில்லாமல் போயிற்று. மாத்திரையை நிறுத்தினால் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தான் நிறுத்தினால் பொன்ராஜும் நிறுத்துவான் என்பதும் தெரியும். அதனால் நிறுத்தவில்லை.

மங்கைதான் எழுந்து வந்து அவள் கூடையைப் பிடித்தாள். கூடை ஏறியது, ஜோதிகா நடந்தாள். இரண்டே பேர் இருந்தால் கடைசியில் நிற்பவளுக்குத் தூக்கிவிடக் கை இல்லை. மங்கை தன் கூடையிலிருந்து பாதி மீனை அள்ளி ஐஸ்பெட்டியில் போடத் தொடங்கினாள். அவளுக்கு இது பழகியிருந்தது.

கொஞ்ச தூரம் போன ஜோதிகா திரும்பி வந்தாள். நிறைகூடையோடு குனியக் கூடாது, கழுத்து போய்விடும். முதுகை நிமிர்த்தியபடி முழங்காலை மட்டும் மடக்கி, ஒரு கையால் தன் சுமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மங்கையின் கூடை விளிம்பில் வைத்தாள்.

"இன்னாக்கா பாத்துகினு கீற? அந்த மீனையும் எடுத்துக் கூடையில போடு. அழுவுறத அப்பால வச்சிக்க."

பொன்ராஜ் தேறி மறுபடி லாரி ஏறினான். அவனைப் பார்த்து நோய் உள்ளவர்கள் அந்த மாத்திரையும், வராமல் காக்க நினைத்தவர்கள் இந்த மாத்திரையும் போட ஆரம்பித்தார்கள். இரண்டு வகைக்காரர்கள் மேலும் சாம்பல் விழவில்லை. யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்து அலுத்துப்போன ஊர், கேட்பதையே விட்டுவிட்டது. இப்போதெல்லாம் கருவாடு காயப்போடுகிறவர்கள், சாம்பல் விழாத ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். கருவாடு சுத்தமாகக் காய்கிறது. உட்கார வருகிறவருக்கு டீ உண்டு, பேச்சுத்துணையும் உண்டு. மங்கைதான் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.