லிட்டருக்குப் பதினாறு

பெட்ரோல் பங்கில் பம்பு தானாக நின்ற பிறகும் அவர் விடவில்லை. வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூளியை ஆட்டுவதுபோல இரண்டு ஆட்டு ஆட்டினார். டாங்கிற்குள் தங்கிய காற்று குமிழியிட்டு வெளியேறியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். கழுத்துவரை டீசல் தளும்பினால்தான் திரும்பி வந்து நிரப்பும்போது வண்டி எவ்வளவு குடித்தது என்று சரியாகத் தெரியும். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த மனைவியும் சேர்ந்து ஆடினாள். "குழந்தை தூங்கிடுச்சு, போதும்" என்றாள். பங்க்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே மூன்றாவது ஆட்டும் ஆட்டினார்.

மலையடிவாரத்தில் அதுதான் கடைசிப் பங்கு. மேலே மலையூரில் அவளுடைய தங்கை வீடு. தங்கையின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள்.

வண்டியை ஆட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கால் பவர் பிசகினாலும் தலை வலிக்கும் என்பது அவருடைய தொழில் வேதம். அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் பெரிய டீசல் வண்டி வந்து சேர்ந்தது. ஏழு பேர் உட்காரலாம். உட்கார்ந்தது எப்போதும் இரண்டு பேர்தான். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அவருக்குப் பதினொன்றைத் தாண்டவில்லை. அதோடு விட்டிருப்பார். ஆனால் அதே வண்டியை அதே ஆண்டு வாங்கிய சகலை, ஒவ்வொரு சந்திப்பிலும் காபியை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "என்ன சகலை, உங்க யானை இன்னும் தண்ணியா குடிக்குதா? நம்மளுது பதினாறுக்குக் கீழ இறங்குறதே இல்ல. எல்லாம் ஓட்டுற கால்ல இருக்கு."

அந்தக் கால் என்ற சொல் அவரை முள்ளாய்த் தைத்தது. முதலில் ஏசி நின்றது. கொளுத்தும் வெயிலில், ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியை இழுக்கும் என்று அவர் கண்ணாடிகளை ஏற்றிவிட, அவள் பழைய பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு வருவாள். பிறகு கனம் குறையட்டும் என்று பின்வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டுக் கூடத்தில் போட்டார். விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் தேடினார்கள். ஸ்டெப்னி கட்டிலுக்கடியில் போயிற்று. டயர்களில் காற்றை அளவுக்கு மீறி அடித்துக் கல்லாக்கினார். வண்டி சாலையில் பந்துபோலத் துள்ளியது. "என்னையும் இறக்கி விட்டுடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூடும்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவர் அதை யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அவள் அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. கடக்க முடியாதது ஒன்று இருந்தது. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்துவிடுவார். ஏரிக்கரை இறக்கத்தில் முதன்முறை அப்படிச் செய்தபோது, எதிரே மாடு ஒன்று வந்தது. பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு உதவி கிடையாது. இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் பாறைபோல நின்றுவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துவிட்டது. இருக்கையிலிருந்து எழுந்து முழு உடம்பையும் அதன்மேல் போட்டார். மாடு அசைபோட்டபடி அவர்களைப் பார்த்தது. வண்டி நின்றபோது பம்பருக்கும் அதற்கும் நடுவில் கையை நுழைத்தால் உரசும். "கொஞ்சம் முரண்டு பிடிச்சுது" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. அன்றிலிருந்து இறக்கம் என்றாலே அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தத் தொடங்கியது.

வெகுநாள் கழித்து, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையெல்லாம் தீர்ந்த பிறகு, ஒருவர் அவளிடம் சொன்னார்: கியரிலேயே விட்டு, காலை மட்டும் எடுத்திருந்தால் போதுமாம். இறக்கத்தில் அந்த வண்டி ஒரு சொட்டு டீசலும் குடித்திருக்காதாம்.

மலையூரில் அன்று மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அவள் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கை குழாயை மூடிவிட்டு, கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"பதினாறாவது ஒண்ணாவது. ஊருக்குள்ள உருட்டினதெல்லாம் இவரு கணக்குலயே வராதுக்கா. பெரிய ரோடு ஏறினதும் மைலேஜ் காட்டுற மீட்டரை அழுத்திச் சைபர் ஆக்கிடுவாரு. டாங்கை நிரப்பிப் பார்த்ததே கிடையாது. அத்தான்கிட்ட சொல்லிடாத, இவரு மானம் போயிடும்."

அவளுக்கு ஈரக்கையோடு தங்கையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மானம் போனால் போகட்டும், ஆள் பிழைத்தால் போதும் என்று நினைத்தாள்.

கிளம்பியபோது சகலை வாசல்வரை வந்து, வண்டியின் கூரையைத் தட்டி, யானையைப் பத்திரமாக இறக்குங்கள் என்று வழியனுப்பினார். தெருமுனை திரும்பியதும் அவள் சொல்லிவிட்டாள். அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மீட்டரைச் சைபர் ஆக்குகிறானா, மீட்டரைச் சைபர் ஆக்குகிறானா என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். முள் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். ஏசியைப் போடக்கூடக் கை நீட்டினாள்.

அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முன் துடைப்பதுபோல நிதானமாக, இரண்டு பக்கமும்.

"அப்போ பதினாறு யாருமே எடுக்கல" என்றார்.

"அதைத்தாங்க சொல்றேன். கம்பெனிக்காரன் ஏதோ கட்டடத்துக்குள்ள உருளை மேல ஓட்டி எடுத்தது. ரோட்டுல யாருக்கு வரும்?"

"இதுவரைக்கும் யாருக்கும் வரலேன்னா, எடுக்கப்போறவன் நான் ஒருத்தன்தான்."

அவள் நீட்டிய கையை மெதுவாக மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடையும், பேருந்துக்குக் காத்திருக்க ஒரு சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. அதற்கப்பால் சாலை வளைந்து மரங்களுக்குள் இறங்கியது. கீழிருந்து லாரிகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு ஏறி வந்தபடி இருந்தன. அவர் கை கியரை நோக்கிப் போயிற்று. ஏறும்போது குடித்ததை இறங்கும்போது கக்க வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

"எஞ்சினை அணைச்சா நான் இறங்கிடுவேன்" என்றாள்.

அவர் வண்டியை நிறுத்தினார். கோபமாகத் தெரியவில்லை. அவள் கதவைத் திறந்தாள். ஒரு காலைத் தரையில் வைத்துக் கொஞ்சம் காத்தாள். முப்பது வருடத்தில் அவளைத் தனியாக எங்கும் விட்டுப் போனவர் அல்ல. தலையில் அடித்துக்கொண்டு சரி ஏறு என்பார், முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது கியரில் இறங்குவார், பங்கு வரும்வரை பேசமாட்டார். அவ்வளவுதான் நடக்கும் என்று இன்னொரு காலையும் வைத்தாள்.

அவர் பின்னால் எட்டி, தங்கை கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையையும் தண்ணீர்க் கேனையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீதானே சொன்ன, நீ இறங்கினா ரெண்டு கூடும்னு" என்று கண்ணைச் சிமிட்டினார். "பஸ்ல வா. பங்குல நிக்கிறேன். வெயில்ல நிக்காத."

அந்தப் பையைக் கொடுத்தது அவளுக்குப் பசிக்கும் என்றா, கனம் குறையும் என்றா? அவள் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள். அது சரியாகப் பொருந்தவில்லை. அவரே உள்ளிருந்து திறந்து மறுபடி சாத்திக்கொண்டார். சாவி திரும்பியது. உறுமல் நின்றது. அவ்வளவு பெரிய வண்டி சருகு நொறுங்கும் சத்தத்தோடு மட்டும் நகர்ந்தது. முதல் வளைவில் பிரேக் விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது. பிறகு மரங்கள்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடும் வண்டியானால் எந்த வளைவில் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். இதில் கேட்பதற்கு எதுவும் இல்லை.

கடைக்காரர் பஸ் இப்போது வந்துவிடும் என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். தங்கை வைத்த சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது. கீழிருந்து ஒரு காய்கறி லாரி ஏறி வந்தது. ஓட்டுநர் வாய் நிறையக் கொட்டாவி விட்டுக்கொண்டு போனார். கீழே வழி அடைபடவில்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்து ஒரு வேன். அதற்குப் பின்னால் வெகுதூரம் விட்டு ஒரு மோட்டார் சைக்கிள்.

பிறகு கீழிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. கடைக்காரர் கண்ணாடி டம்ளரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.