கேமராவுக்கு வைத்த பொட்டு

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயலைத் தூர்த்துக் கட்டிய அந்த மூடி கம்பெனிக்குக் கேமரா வந்து இறங்கிய நாளிலிருந்து மஞ்சுளாவுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் பாட்டிலுக்குப் போடுகிற மூடிகள் பெல்ட்டில் ஓடிவரும். கறை பட்டதையும் கீறல் விட்டதையும் பொறுக்கி எறிவது அவளும் செல்வகுமாரியும் வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலை. இனி அதைக் கேமரா பார்க்குமாம். கெட்ட மூடி வந்தால் காற்றை ஊதித் தள்ளிவிடுமாம். கூலி கேட்காது, டீ கேட்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவும் கேட்காது. அப்படி ஒரு மருமகள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! சின்ன வயசு முதலாளி கலைவேந்தன், ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்போம், அது சரியாகப் பார்த்தால் நீங்கள் ரெண்டு பேரும் நின்றுவிடலாம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் மஞ்சுளாதான். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள் கேமரா முன்னால் நின்றுவிட்டாள்.

"அதுக்கு இன்னாத்துக்குடி? நம்ம சோத்துல மண்ணு போட வந்தது" என்றாள் செல்வகுமாரி.

மஞ்சுளாவுக்கும் எரிச்சல்தான். ஆனால் பண்டிகை நாளில் ஒரு மெஷினை மட்டும் பொட்டில்லாமல் விட மனசு வரவில்லை. சரி, வைக்கலாம் என்றால் அந்தச் சனியனுக்கு நெற்றி எங்கே? இருப்பதே ஒற்றைக் கண். ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணுக்கு மேலே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, என் பொழப்பைக் கெடுத்துடாதே தாயே என்று கும்பிட்டும் வைத்தாள்.

லீவு முடிந்து பெல்ட் ஓடியதும் கேமரா ஒரு மூடியைக்கூட விடவில்லை. புஸ் புஸ்ஸென்று அத்தனையையும் ஊதித் தள்ளியது. கேமராவோடு வந்த திரை முழுக்க 'கறை, கறை' என்றே வந்தது. கலைவேந்தன் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, நம் கண்ணுக்குத் தெரியாத கறையாக இருக்கும் என்றார். மூடி வார்க்கிற மெஷினை ஓட்டுவது குமரவேல், மஞ்சுளாவின் புருஷன். மெஷினை அவன் ஒழுங்காகக் கழுவவில்லை என்று பழி அவன் தலையில் விழுந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. குமரவேல் வாயில்லாப் பூச்சி. சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனான்.

மஞ்சுளா கேமராவை அண்ணாந்து பார்த்தாள். சந்தனம் வழிந்து கண்ணாடியில் காய்ந்து கிடந்தது. சும்மா இருந்தால் புருஷன் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் அது பிழைக்கும். அதோடு, இந்தக் கேமராவை நம்பக் கூடாது என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், தன் வேலையும் தங்கும் என்று ஒரு நப்பாசையும் எட்டிப் பார்த்தது.

"சார், அவரு மேல தப்பில்ல. நான் வெச்ச சந்தனம்தான் கண்ணாடியில வழிஞ்சிருக்கு. இத்தினி சந்தனத்துக்கே அதுக்குக் கண்ணு தெரியலியே, இதப் போயி நம்புறீங்களே."

கலைவேந்தன் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப கேமரா பொய் சொல்லலக்கா. கறை இருந்துச்சு, இருக்குன்னு சொல்லிச்சு. நாமதான் தப்பான எடத்துல தேடினோம்."

குமரவேலை மெஷினுக்குப் போகச் சொன்னார். மாசம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், சோதனை பாஸ் என்று யாருக்கோ போன் போட்டுச் சொன்னார். பிறகு மஞ்சுளாவிடம், கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதையும் அக்கா போட்டுத்தான் சொன்னார்.

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவளே துடைத்தாள். பெல்ட் மறுபடி ஓடியது. நல்ல மூடிகள் சத்தமில்லாமல் போயின. ஒன்றையாவது தவற விடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கரும்புள்ளியோடு ஒரு மூடி வருவது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பழக்கதோஷம், கை தானாக நீண்டது. விரல் படுவதற்குள் புஸ்ஸென்றது காற்று.