கம்பிக்குக் கீழே மாடி

ஜீப் வடக்குப்பட்டு ஏரிக்கரையில் திரும்பியதுமே பிரவீனா டவர்களை எண்ண ஆரம்பித்தாள். உயர் மின்கம்பிகளுக்குக் கீழே யாராவது மரம் வளர்த்திருக்கிறார்களா, சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்று டவர் டவராகப் பார்த்துக்கொண்டு போவதுதான் அன்றைய வேலை. மத்திய அரசின் மின்தொகுப்பு நிறுவனத்தில் இன்ஜினியராகச் சேர்ந்தபின் அவளுக்கு முதல் ரோந்து. அடுத்த டவரைத் தாண்டினால் அவள் வீடு. அதன்மேல் அப்பா எழுப்பிக்கொண்டிருக்கும் மாடி.

கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடக் கட்டுகிற அறைகள். வேண்டாம்ப்பா, ஆபத்து என்று தீபாவளிக்கே சொல்லிப் பார்த்தாள். "நம்ம பொண்ணே கரண்டாபீஸ்ல கீது, எவன் வந்து இன்னா கேட்டுடுவான்?" என்று அப்பா எல்லப்பன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். வீட்டுக்கு மீட்டர் மாட்டுகிற ஆபீசும் மகளுடைய ஆபீசும் அவருக்கு ஒன்றுதான்.

"இங்க பாருங்கம்மா கூத்த," என்றார் மேனேஜர் நம்பிராஜன், திருநெல்வேலிக்காரர். "மேல நாலு லட்சம் வோல்ட் ஓடுது. கீழ மாடி கட்டுதான். மூளை கீளை இருக்கா இவனுக்கு?"

'எங்கப்பா சார்' என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, தெரிந்தே விட்டுவிட்டாள் என்று பேர் வரும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் சாக்கு. ஆபீசில் ஊர் எது என்று கேட்டால் வடக்குப்பட்டு என்று சொல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லி வந்தவள் அவள். மடித்துக் கட்டிய லுங்கியும் சிமெண்ட் அப்பிய காலுமாக நின்ற அந்த மனிதரைத் தன் அப்பா என்று காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஜீப்பைப் பார்த்ததும் எல்லப்பனுக்கு முகமெல்லாம் பல். "வாம்..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, இந்த வூட்டு ஓனர் நீங்களா?" என்றாள் பிரவீனா, அவசரமாக.

எல்லப்பன் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு லுங்கியை இறக்கிவிட்டார்.

"ஆமாங்க மேடம்."

அந்த 'மேடம்' அவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. லைனுக்குக் கீழே கட்டக்கூடாது, மழை நாளில் உயிருக்கே உலை, இடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். அதே பேச்சுக்குத் தீபாவளியன்று சிரித்தவர்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாருய்யா வந்துகிறது? நம்ம பிரவீ கொரலு மாதிரி கீதே!"

எல்லப்பன் விருட்டென்று போய் வாசலை மறைத்து நின்றார். "நீ உள்ள போ கனகம். ஆபீசருங்க வந்துகிறாங்க."

பிரவீனா மேனேஜர் பக்கம் திரும்பினாள். இப்போதாவது சொல்லிவிடலாம். நம்பிராஜன் ஜீப்பில் ஏறிவிட்டிருந்தார். அவளும் ஏறினாள்.

"நல்ல மனுசன். ஒரு எதிர்ப்பேச்சு இல்ல பாத்தீங்களா?" என்றார் நம்பிராஜன். "பாவம், எடுத்துச் சொல்ல வீட்ல படிச்ச பிள்ளைங்க யாரும் இல்ல போல."

"ஆமா சார்."

ஜீப் நகர்ந்தது. பக்கத்துக் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். ஆபீசர்களுக்குக் கும்பிட்ட கையை அவர் இன்னும் இறக்கவில்லை.