இரண்டு ரிங்

ஆம்புலன்ஸ் பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கரும்பு ஏற்றுகிற டிரெய்லரை எவனோ நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போயிருந்தான். முன்பக்கமாக வந்தால் திருப்ப இடமில்லை. சாவு வீட்டுத் தெரு என்று தெரிந்தும் விட்டுவிட்டுப் போகிறவன்தான் இந்தக் காலத்து மனுஷன். சிங்கராயர் வண்டியின் பின்கதவைத் தட்டித் தட்டி, "வுடு, வுடு, இன்னும் வுடு" என்று சொல்லியபடி நடந்தார். உள்ளே அவருடைய தம்பி அமல். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. சிங்கராயரின் கை கதவின்மேல் அப்படியே நின்றது. ஒரு ரிங். இரண்டு ரிங். மூன்றாவதும் அடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து மச்சான்.

"எப்ப எடுக்கறீங்க மாமா?"

"சாமியார் வந்த பொறவு."

நேற்றிலிருந்து இப்படித்தான். போன் அடித்தால் மனசு தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது. இரண்டோடு நின்றுவிடுமோ என்று கிடந்து அடித்துக்கொள்கிறது.

அமலைக் கூடத்தில் பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். வலது உள்ளங்கையைத் துணி மூடவில்லை. நடுவில் கருப்பாக ஒரு கோடு ஓடியது. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, செபமாலையைச் சுற்றுகிற சாக்கில் கையைத் திருப்பி வைத்தார். தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அமலின் பெண்டாட்டி ஜெஸி அழுது அழுது குரல் போய்க் கிடந்தாள். மகள் மெர்லின் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்ததும் அந்தக் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

"வாடி, வந்து பாருடி. ஒன் பொட்டி தின்னுட்டுப் போட்டதப் பாருடி. படிக்கற பொண்ணு, படிக்கற பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரே, அந்த வாய வந்து பாருடி!"

யாரும் ஜெஸியை அடக்கவில்லை. மெர்லின் வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தபோது போட்டிருந்த யூனிபாரத்தையே இன்னும் போட்டிருந்தாள். இயற்பியல் ஆய்வகத்தில் பாதியில் விட்டு வந்தவள். விரல் நுனிகளில் ஒயர் ஒட்டும்போது ஈயம் சுட்ட பழைய தழும்புகள் இருந்தன.

பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் குரூப். அவளுடைய கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி உண்டு. செத்துப்போன போன்கள், ரிமோட்டிலிருந்து பிடுங்கிய ஒயர்கள், விரல் அகலத்தில் பச்சை சர்க்யூட் பலகைகள். பலகைகள் கூரியரில் உரக்கடைக்கு வரும், அமல் சைக்கிளில் போய் வாங்கி வருவான். பஸ்ஸில் போகும்போது அவள் போனில் எவனோ வெள்ளைக்காரன் பேசுகிறதை ஓட்டிப் பார்ப்பாள். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாள். ரெக்கார்டு நோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுவாள். இருட்டினால் தானாக மூடிக்கொள்கிற கதவு ஒன்றைக் கோழிக்கூட்டுக்குச் செய்தாள். முதல் நாளே ஒரு கோழியின் வால் அதில் மாட்டிக்கொண்டது. "இன்னா அமலு, ஒன் வூட்டுக் கோழி கரண்டு கேக்குதாமே" என்று தெருவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் அமல்தான்.

அதற்குப் பிறகு மோட்டார் பெட்டி.

கிணறு அண்ணன் தம்பிக்குப் பொது. ஒருநாள் இவர் முறை, ஒருநாள் அவன் முறை. திரீபேஸ் கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். அதற்காக மோட்டார் கொட்டகையில் ஒரு ஆள் காத்துக் கிடக்க வேண்டும். மெர்லின் ஒரு பழைய போனையும் பச்சைப் பலகையையும் சேர்த்து, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் பெட்டியாக மாட்டினாள். அந்தப் பெட்டிக்குப் போன் போட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும், மோட்டார் ஓடும். இழுத்ததும் போட்டவர் போனுக்குத் திரும்ப அடிக்கும். இரண்டே ரிங், நின்றுவிடும். மறுபடி போட்டால் மோட்டார் நிற்கும். சிங்கராயருக்கு எழுத்துத் தெரியாது. அவருடைய பட்டன் போனில் இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் பெட்டிக்குப் போகிற மாதிரி அவளே வைத்துக் கொடுத்தாள்.

"இது ஒங்க வூட்டுப் பொட்டி. என் முறையில ஓடும்னு இன்னா நிச்சயம்?" என்று அன்றைக்கே கேட்டார் சிங்கராயர். அவர் சும்மா கேட்டதில்லை. பால்காரன் அளவு முதல் பாதிரியார் கணக்கு வரை எதையும் நம்பாமல்தான் அறுபத்தெட்டு வயது வரை வந்திருந்தார்.

முதலில் வீட்டார் போன்களுக்கு மட்டும் ஓடுகிற மாதிரிதான் அவள் செய்திருந்தாள். சிங்கராயர் சிம்மைத் தொலைத்துவிட்டுப் புது நம்பர் வாங்கியபோது பெட்டி அவரைச் சட்டை செய்யவில்லை. தம்பி தன்னைப் பூட்டி வைத்துவிட்டான் என்று கிணற்று மேட்டில் நின்று அவர் போட்ட சத்தம் கோமுகி டேம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே அமல் மகளிடம் சொன்னான். "எடுத்துடு பாப்பா. யாரு போட்டாலும் ஓடட்டும். சண்ட வாணாம்."

அவள் எடுத்துவிட்டாள்.

நேற்று சிங்கராயரின் முறை. காலையில் அமல் வாசலில் வந்து நின்றான். "ண்ணா, மோட்டாருகிட்ட ஒயரு கருகிக் கெடக்குது. கெணத்துல எறங்கி ஜாயிண்ட் போடறேன். நான் சொல்றவரிக்கும் போன் போடாத."

"ம்" என்றார் சிங்கராயர். அவ்வளவுதான் பேச்சு.

பெட்டி வருவதற்கு முன்பெல்லாம் கொட்டகையில் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் அமல் கிணற்றில் இறங்குவான். அவர்கள் அப்பா காலத்துப் பழக்கம். கட்டை என் மடியில் இருக்கிறவரை எமனும் சுவிட்ச் போட முடியாது என்பார் அப்பா. பெட்டி வந்த பிறகு கொட்டகைக்குப் போகிற வேலையே விட்டுப்போயிற்று. அண்ணனிடம் சொல்லியாயிற்று. அமலுக்கு அது போதும்.

சிங்கராயருக்குப் போதவில்லை. அவன் முறையில் கருகாத ஒயர் என் முறையில் கருகுமா என்று கேட்டுக்கொண்டே சின்னதுரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரைஸ் மில் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. திரீபேஸ் வந்துவிட்டது. போனை எடுத்தார். இரண்டை அழுத்திப் பிடித்தார். சும்மா, பார்க்கத்தான்.

திரும்ப அடித்தது. இரண்டு ரிங்.

"பாத்தியா சின்னதொர? ஓடுது! ஒயரு கருகிப் போச்சாம். என்ன இன்னா கேணன்னு நெனச்சிக்கினான்?"

டீயை முழுசாகக் குடித்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகத்தான் போனார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. தம்பி தன் பக்கம் திருப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே மடையைப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அதற்குப் பிறகுதான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அமல் மோட்டார் மேடைப் படியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தான். களைத்துப்போய் உட்கார்ந்தவன் மாதிரிதான் இருந்தது, கையில் ஒயர் இல்லாதிருந்தால்.

போலீஸ்காரர் கேட்டார்: "யாரு போன் போட்டது?"

சிங்கராயர் வாய் தானாகத் திறந்தது. "எவனோ லோனு குடுக்கறவன் போட்டிருப்பான் சார். நாளெல்லாம் அவனுங்கதான் போட்டுக்கினு கெடக்கறானுங்க."

போலீஸ்காரருக்கும் அது சரியாகப் பட்டது. அப்புறம் பெட்டியை உடைக்கச் சொன்னதும் சிங்கராயர்தான். மண்வெட்டியின் பின்புறத்தால் அவரே அடித்தார்.

கோயில் மணி விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தது. சிங்கராயர் வாசலில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மெர்லின் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"நாலு வரி பெரிப்பா."

"இன்னாம்மா?"

"இந்தந்த நம்பர் போட்டாத்தான் ஓடணும்னு புரோகிராம்ல நாலே வரி. எடுத்தத திரும்பப் போடலாம்னு பாத்தேன். டெஸ்டு வந்துச்சி, ரெக்கார்டு வந்துச்சி. ஞாயித்துக்கெழம பண்ணலாம்னு வுட்டுட்டேன்."

"வுடும்மா. விதி."

"விதி இல்ல பெரிப்பா. நான்தான்." அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "அந்தப் பொட்டி ஸ்டார்ட்டரதான் பாக்கும். மோட்டாரு ஓடுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டரு இழுத்தா ரெண்டு ரிங் குடுத்துடும். எவனுக்கோ ரெண்டு ரிங் போயிருக்கும். இன்னாத்துக்குன்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

பந்தல் காலில் சுற்றியிருந்த கயிறு பிரிந்து தொங்கியது. சிங்கராயர் அதை இழுத்துக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஒங்க போனுக்கு நேத்து ஏதாவது ராங் கால் வந்துச்சா பெரிப்பா?"

"எனக்கு இன்னாத்துக்கு வரப்போவுது."

"சும்மா கேட்டேன்."

சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. உள்ளே ஜெஸி மறுபடி மகளைத் திட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சத்தம் திசை மாறி இவர்மேல் வரும். காலமெல்லாம் வரும். அவர் அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

சின்னதுரை மாலையோடு வந்தான். அமலுக்குப் போட்டுவிட்டு நேராக சிங்கராயரிடம் வந்து கையைப் பிடித்தான். டீ கிளாஸ் கழுவிக் கழுவி வெளுத்த கை. பிடித்தவன் விடவில்லை.

"சிங்கராயரே."

"சொல்லு."

"கடையில மில்லு சத்தம் ஜாஸ்தி. பேசறது எதுவும் நம்ம காதுல வுழறதில்ல."

சிங்கராயர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுதுக்கும் இனி அந்தக் கடையில்தான் டீ குடிக்க வேண்டும். அவன் வாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும். ஒருத்தனையும் நம்பாதவன் கடைசியில் ஒரு டீக்கடைக்காரன் நாக்கை நம்பி உயிர் வாழ வேண்டியதாயிற்று.

பங்குச் சாமியார் வந்தார். சவப்பெட்டி மூடும்போது ஜெஸியை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். மெர்லினைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் தானாக ஒதுங்கிச் சுவரோடு நின்றாள். கல்லறைத் தோட்டத்துக்குப் பெண்கள் கடைசியாக வந்தார்கள். அவள் அவர்களுக்கும் கடைசியாக வந்தாள்.

மண் போடுகிற முறை வந்தது. அண்ணன்தான் முதலில். சிங்கராயர் குனிந்தபோது மடியிலிருந்து ஏதோ நழுவி மண்மேட்டில் விழுந்தது. வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. நேற்று கிணற்றில் எட்டிப் பார்த்தவுடன் கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பிடுங்கியது. மூன்றும் அப்போதிலிருந்து அவர் மடியில்தான் இருந்திருக்கின்றன. அவருக்கே நினைப்பில்லை. பக்கத்தில் நின்றவன் எடுத்துக் கொடுத்தான். "வெச்சிக்கோங்க, தேவப்படும்" என்றான். சிங்கராயர் வாங்கிக்கொண்டு ஒரு பிடி மண்ணைப் போட்டார். பெட்டிமேல் மண் விழுகிற சத்தம் அவர் நினைத்ததைவிடக் கம்மியாக இருந்தது.

திரும்பி வந்து குளித்துவிட்டு, கட்டைகளை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். சனம் கலைந்துவிட்டது. தண்ணீர் தெளித்த தரையில் பூ ஒட்டிக் கிடந்தது. மெர்லின் கட்டிலடி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்பக்க எருக்குழிக்குப் போனாள். கொட்டுகிற சத்தம் கேட்டது. வெறும் பெட்டியோடு திரும்பி வந்து, அதை மடித்துச் சுவரோரம் வைத்தாள்.

"போன குடுங்க பெரிப்பா."

"இன்னாத்துக்கு?"

"பொட்டி சிம்ம ஒடச்சிப் போட்டுட்டேன். அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்துடுவானுங்க. நீங்க மறந்து ரெண்ட அழுத்திடுவீங்க. அப்பா போன்ல அழிச்சிட்டேன். அம்மாவுதுலயும் அழிச்சாச்சு."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினார். அகப்படவில்லை. இத்தனை நாளும் போனில் எது என்றாலும் அவளிடம்தான் நீட்டியிருக்கிறார். நீட்டினார்.

அவள் நின்றபடியே அழுத்தினாள். முதலில் இரண்டு மூன்று தட்டல், வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது. பிறகும் கொடுக்கவில்லை. கட்டைவிரல் கீழே போகிற பட்டனை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. நேற்றிலிருந்து வந்த துக்கப் போன்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவது சிங்கராயருக்குத் தெரிந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அது தெரிந்தது. எண்ணெய் வைக்காத அவளுடைய தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. ஒதுக்கவில்லை.

விரல் நின்றது.

ஜெஸி உள்ளே யாரிடமோ தண்ணீர் கேட்டாள். திரையின் வெளிச்சம் அணைந்தது. மெர்லின் ஒரு பட்டனைத் தொட்டு அதை மறுபடி எரியவிட்டாள். பார்த்தாள். பிறகு இரண்டு தடவை அழுத்தினாள். போனைப் பாவாடையில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அழிச்சிட்டேன்."

பெரிப்பா என்று சொல்லவில்லை. உள்ளே போனாள். அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டாள். சொம்பு குடத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. "தொடாதடி" என்றாள் ஜெஸி. சொம்பைத் தரையில் வைக்கிற சத்தமும் கேட்டது.

தெருக்கோடியில் ரைஸ் மில் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. திரீபேஸ் வந்துவிட்டது. சிங்கராயர் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அமலின் முறை.